ஆறு டைல்ஸ் தூரம்

பாலுக்கு வாசனை கிடையாது என்று சொல்கிறவர்கள் பாக்கெட் பால் வாங்குகிறவர்களாக இருப்பார்கள். கறந்த பால் வேறு. மாட்டின் உடம்புச் சூடு அதில் அப்படியே இருக்கும்; அந்தச் சூடு ஆறும்வரை பாலுக்குள் இருப்பதெல்லாம் ஆவியோடு மேலே வந்துகொண்டிருக்கும். போதாததற்குப் பாலில் உள்ள கொழுப்புக்கு ஒரு குணம். பக்கத்தில் எது மணத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். மாடு வேப்பந்தழை தின்றதா, சாணி அள்ளாமல் கறந்தார்களா, கேன் மூடியை நேற்றுக் கழுவினார்களா, எல்லாவற்றையும் நல்ல மூக்கு உள்ளவர் மூடியைத் திறந்ததும் சொல்லிவிடலாம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பால் சொசைட்டியில் அந்த மூக்கு ஆக்சிலியாவுடையது.

அவள் அங்கே ஆறு வருஷமாக டெஸ்டர். காலையிலும் சாயங்காலமும் ஐந்தரைக்குக் கதவைத் திறப்பாள். பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். பிறகு கரண்டியால் கலக்கி, சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்து மிஷினின் குழாயில் வைத்தால், அரை நிமிஷத்தில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று சீட்டு வரும். தண்ணீர் கலந்தால் மிஷினுக்குத் தெரியும். நாற்றம் தெரியாது. அதனால் எப்போதும் மூக்கு முதலில், மிஷின் பிறகு.

கல்யாணமாகி ஐந்தாவது வருஷம், செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தர்மபுரியில் ஒரு ஸ்கேன் அறையில் அவளுக்கு இரண்டு பைகள் தெரிவதாகச் சொன்னார்கள். ஆறு வாரக் கரு. முதல் பைக்குள் நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு துணுக்கு. அதற்குள் ஒரு புள்ளி படபடவென்று துடித்தது. இரண்டாவது பையில் துடிப்பு எதுவும் அகப்படவில்லை.

டாக்டரம்மா பொறுமையானவர். ஒரு கரு மற்றதைவிட இரண்டு மூன்று நாள் பின்தங்கியிருக்கலாம், அப்படியானால் அடுத்த முறை துடிக்கும் என்றார். வளர்வது நின்றும் போயிருக்கலாம். இரட்டையில் இப்படி நடப்பதுண்டு, அப்போது உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும், மற்றதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை வாருங்கள், பார்த்துவிடலாம்.

"நின்னு போனா எனக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாதும்மா. வலி இருக்காது, ஒண்ணும் இருக்காது. ஸ்கேன்லதான் தெரியும்."

ஆறு வருஷமாக அடுத்த வீட்டு மாடு நேற்று என்ன தின்றது என்று சொல்லிக்கொண்டிருப்பவளிடம், உன் வயிற்றுக்குள் நடப்பது உனக்குத் தெரியாது என்று சொன்னால் எப்படி இருக்கும். அவளுக்குக் கவலையைவிட அதுதான் பெரிதாக உறைத்தது. கதவருகே வந்தவள் திரும்பிப் போய், வாந்தி மட்டும் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டாள். கரு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் சுரக்கிற ஹார்மோன் இந்த வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இரட்டிப்பாகும். இரட்டை என்றால் பொதுவாக இன்னும் அதிகம். குமட்டலுக்கு அது ஒரு காரணம் என்று டாக்டரம்மா சொன்னார். போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் ஆக்சிலியா அதைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போதே கணக்கு போட்டுவிட்டாள். இரண்டு இருந்தால் ஹார்மோன் அதிகம். ஹார்மோன் அதிகம் என்றால் குமட்டல் அதிகம். ஒன்று நின்றுவிட்டால் குமட்டல் குறையும். ஆக, குமட்டலை அளந்தால் போதும்.

வீட்டில் மாமியார் ராஜமேரிக்குக் கரு தரித்தது தெரியும். இரண்டு என்பது தெரியாது. சொல்ல வேண்டாம் என்று ஆக்சிலியாவும் கணவன் அருள்பிரகாஷும் முடிவு செய்திருந்தார்கள். வெளியே யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது, மூன்று மாதம் முடியட்டும் என்பது வழக்கமான எச்சரிக்கை. இதில் அவளுடைய பயம் வேறு. இரண்டு என்று சொல்லிவிட்டு ஒன்றாகிவிட்டால், பிறக்கிற பிள்ளையை ஊர் காலமெல்லாம் மிச்சமிருந்த பிள்ளையாகத்தான் பார்க்கும். முதல் பிறந்தநாள் கேக் வெட்டும்போதுகூட யாராவது ஒருத்தி பெருமூச்சு விடுவாள்.

எதை அளப்பதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்று அளக்க வேண்டும், ஒப்பிட மாறாத ஒரு பொருள் வேண்டும். நேரம் காலை ஐந்தே முக்கால். இடம் சொசைட்டி அறை. கவுண்டரிலிருந்து பின்சுவர்வரை ஒன்பது டைல்ஸ், ஒவ்வொன்றும் ஓர் அடி. மாறாத பொருளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தினமும் பால் ஊற்ற வருகிற பெரியண்ணனின் கேன் இருந்தது.

அது அலுமினியக் கேன். மூடியின் உட்பக்கம் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் நேற்றைய பாலும், முந்தாநாள் பாலும், போன மாதத்துப் பாலும் குடியிருந்தன. பச்சைத் தண்ணீரில் அலசினால் அங்கே எதுவும் போகாது. வளையத்தைக் கழற்றி, சோடா உப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். மூன்று வருஷமாக ஆக்சிலியா சொல்லிப் பார்த்தாள். மேலிருந்து வந்த அதிகாரி ஒருவர் படம் போட்டு வகுப்பே எடுத்தார். பெரியண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, அதே கேனை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். பால் கெடவில்லை, மூடிதான் நாறுகிறது என்பதால் திருப்பி அனுப்பவும் முடியாது.

அந்த நாற்றம்தான் இப்போது அவளுடைய தராசு. பெரியண்ணன் கவுண்டரில் கேனை வைத்து மூடியைத் திறக்கும்போது அவள் பின்சுவரோரம் பாட்டில்களை அடுக்குவதுபோல் நிற்பாள். பிறகு மெதுவாக முன்னால் நடப்பாள். எந்த டைல்ஸில் வயிறு புரளுகிறதோ, கவுண்டரிலிருந்து அது எத்தனையாவது என்று எண்ணிக்கொள்வாள். புதன்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை நான்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் வந்து பார்த்தபோது ஆறாவது டைல்ஸிலேயே தாங்க முடியாமல் பின்கதவு வழியாக ஓடினாள். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

பெரியண்ணன் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, பாலை மோந்துவிட்டு ஓடிப்போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

மற்றபடி அந்த நாட்கள் சுலபமாக இல்லை. களி கிண்டும் வாசனை எட்டினால் போதும், வீட்டைவிட்டு வெளியே போய் நின்றாள். படுக்கையைவிட்டு எழுமுன் இரண்டு கை பொரி தின்றாக வேண்டும்; வெறும் வயிற்றில் எழுந்தால் அமிலம் மட்டும் தனியாக மேலே ஏறி வரும், பொரி இருந்தால் அதற்கு ஒரு வேலை கிடைக்கும். ராஜமேரி இஞ்சியும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து மூன்று வேளையும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குக் குமட்டல் கேட்டாலும் கேட்டுவிடும் என்ற பயத்தில் ஆக்சிலியா அதைப் பின்வாசல் வாழைக்கு ஊற்றினாள். குமட்டல் நின்றுபோனால் எதை வைத்து அளப்பது? ஆறு நாளில் அவள் எடை இரண்டு கிலோ குறைந்தது. ஒவ்வொரு முறை வாந்தி எடுத்து வாய் கொப்பளிக்கும்போதும், இரண்டும் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த வாரத்தில் மாவட்டத்திலேயே இவ்வளவு சந்தோஷமாக வாந்தி எடுத்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

எட்டாம் நாள் புதன்கிழமை. பெரியண்ணன் கேனை வைத்தார், மூடியைத் திறந்தார். ஆக்சிலியா சுவரோரத்திலிருந்து நடந்தாள். எட்டாவது டைல்ஸ், ஏழாவது, ஆறாவது. ஒன்றும் இல்லை. நான்காவதில் நின்று ஆழமாக மூச்சு இழுத்தாள். இரண்டாவது. கவுண்டரே வந்துவிட்டது. குனிந்து கேனுக்குள் மூக்கை வைத்தாள். பால் வாசனை வந்தது, இளஞ்சூடாக, கொஞ்சம் இனிப்பாக. அவ்வளவுதான்.

"என்னா, உள்ளயே எறங்கிருவ போலிருக்குது," என்றார் பெரியண்ணன்.

அவள் அடுத்த கேனைத் திறந்தாள், அதற்கடுத்ததைத் திறந்தாள். எதிலும் எதுவும் இல்லை. கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. நாற்பத்திரண்டு பேருக்கும் சீட்டு கொடுத்தாள். வண்டி வந்து பாலை எடுத்துக்கொண்டு போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். குமட்டுகிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் வேறு எதுவும் அகப்படவில்லை.

அருள்பிரகாஷ் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் வீல் அலைன்மெண்ட் கடையில் வேலை செய்கிறவன். ஒரு காரைத் தூக்கி நிறுத்தியிருந்த நேரத்தில் போன் வந்தது. அழுகைதான் முதலில் கேட்டது.

"நாத்தமே வரலீங்க."

"எதுல?"

"பெரியண்ணன் கேன்லங்க."

அவனுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தன் இரண்டாவது பிள்ளை உயிரோடிருப்பதற்கு ஒரே சாட்சி பெரியண்ணனின் கேன் மூடி என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.  பின்னால் லாரிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது.

"இந்தா பாரு," என்றான் கடைசியில். "வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு வந்தா நாங்க மொதல்ல வண்டியப் பாக்க மாட்டோம். எங்க அளவெடுக்கற கேஜ் சரியா நிக்குதான்னு பாப்போம். நீ வவுத்தப் பாத்துட்ட. கேனப் பாத்தியா?"

அவள் கேனைப் பார்த்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியண்ணனுக்குப் பதில் அவர் மனைவி செல்லம்மாள் பால் கொண்டுவந்தாள். ஆக்சிலியா மூடியை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். கறுப்பாக இருந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னியது. உள்ளே இருந்தது புது ரப்பர்.

"கேன் கழுவினீங்களாக்கா?"

"ஏங் கண்ணு, இன்னும் அடிக்குதா? சோடா உப்பு போட்டு ரெண்டு வாட்டி தேச்சேனே. ரப்பரு இத்துப் போயி கெடந்துச்சி, அதையும் மாத்தியாச்சி."

"யாரு கழுவச் சொன்னது?"

செல்லம்மாள் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். குரல் தாழ்ந்ததும் வரிசை முழுவதும் முன்னால் சாய்ந்தது.

"யாரு சொல்லணும்? ஒரு வாரமா துப்பட்டாவ மூக்குல வச்சிக்கிட்டு செவுத்தோரம் நிக்கற. எங்க வூட்டு ஆளு மூடியத் தொறந்தா பின்னாடி ஓடற. நானும் மூணு பெத்தவதான். மசக்கக்காரி நாத்தத்துல நின்னு சாவுது, ஆளுக்கொரு கை தேச்சிக் கொண்டாங்கன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லாத்துகிட்டயுமா?"

"நாப்பத்திரண்டு வூட்லயும். வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன்."

மூன்று வருஷத்து அறிவுரையும், படம் போட்ட வகுப்பும், அதிகாரியும் செய்ய முடியாததை ஊர் ஒரே ராத்திரியில் செய்திருந்தது, அவள்மேல் இருந்த பிரியத்தால், அவளுக்கே தெரியாமல். ஆக்சிலியாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கேனைத் தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது. குமட்டல் போகவில்லை, நாற்றம்தான் போயிருக்கிறது என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே இன்னொன்றும் புரிந்தது. நாற்றமே போன பிறகு, குமட்டல் போகவில்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லை. தராசே இல்லாதபோது எடை கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது.

அதன் பிறகு அவள் செய்தது, பால் டெஸ்டர் யாரும் செய்திருக்க முடியாத காரியம்.

"அக்கா, ரெண்டு நாளைக்கி மட்டும் கழுவாம கொண்டாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும்."

செல்லம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மசக்கையில மண்ணு கேட்டவளப் பாத்திருக்கேன், சாம்பலு கேட்டவளப் பாத்திருக்கேன். அழுக்குக் கேன் கேட்டவ நீதான் ஆத்தா."

"இல்லன்னா அந்தப் பழைய ரப்பராவது."

"குப்பமேட்டுல வீசினேன். நாயி கவ்விக்கிட்டுப் போயிருச்சி."

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பாவம் என்பதால், செல்லம்மாள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கேட்டுத்தான் பார்த்தாள். பெரியண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கேன் மின்னுவதைப் பார்த்து டீக்கடையில் நான்கு பேர் பாராட்டியிருந்தார்கள். இனிமேல் கழுவாத கேனில் பால் ஊற்றுகிறவன் மனுஷனே இல்லை என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

மீதி இரண்டு நாளும் ஆக்சிலியா கையில் எந்த அளவும் இல்லாமல் இருந்தாள். வாந்தி ஒரு நேரம் வந்தது, ஒரு நேரம் வரவில்லை. வந்தது போன வாரம் வந்ததைவிடப் பெரிதா சின்னதா என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. எட்டு நாளை எப்படிக் கடத்தினோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. டைல்ஸ் எண்ணிக்கொண்டிருந்தவரை ஏதோ ஒரு வேலை இருந்தது. பிள்ளைக்குத் தான் எதையோ செய்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் குளிரூட்டும் நிலையத்திலிருந்து சூபர்வைசர் கூப்பிட்டார். அவர்கள் ஊர்ப் பால் திடீரென்று இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கெடாமல் நிற்கிறதாம். உற்பத்தியாளர்களை எப்படி மாற்றினாள் என்று அடுத்த கூட்டத்தில் வந்து பேச முடியுமா என்று கேட்டார். இப்போது முடியாது சார் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். காரணம் உண்டு. ஸ்கேன் கருவி அனுப்புவது ஒலி, காதுக்குக் கேட்காத ஒலி. அது உள்ளே போய் எதிலாவது பட்டுத் திரும்பும்; திரும்புவதற்கு ஆன நேரத்தை வைத்து அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று திரையில் புள்ளி விழும். காற்று இருந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும். குடலில் காற்று இருக்கிறது. மூத்திரப்பை நிறைந்தால் அது குடலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தண்ணீரால் ஒரு ஜன்னல் போலக் கருப்பைக்கு முன்னால் வந்து நிற்கும். இதையெல்லாம் அறிந்தவர்கள், குமட்டல்காரி ஒருத்தி ஒரு லிட்டர் தண்ணீரை எப்படி உள்ளே வைத்துக்கொள்வாள் என்பதை மட்டும் சொல்லித் தரவில்லை. அவள் பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிவரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு, மடக்கு மடக்காகக் குடித்து முடித்திருந்தாள்.

டாக்டரம்மா வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. அருள்பிரகாஷ் சுவரோரமாக நின்றான்.

"ஒண்ணு நல்லாயிருக்கு. பதினாலு மில்லிமீட்டர். துடிப்பு நூத்தி அம்பத்தெட்டு."

கருவி இடப்பக்கம் நகர்ந்தது. நின்றது. அழுத்தியது. டாக்டரம்மா ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். புருவம் கொஞ்சம் சுருங்கியது. ஆக்சிலியா அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் எதையும் எண்ணவில்லை.

"மூச்ச ஒரு நிமிஷம் பிடிங்க." கருவி சாய்ந்தது. "ம். ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. பன்னெண்டு மில்லிமீட்டர். நூத்தி அம்பத்தொண்ணு."

டாக்டரம்மா கருவியை எடுக்காமலே அவளைப் பார்த்தார்.

"ரெண்டும் இருக்கும்மா."

"இன்னொரு வாட்டி பாருங்க டாக்டர்," என்றாள் ஆக்சிலியா.

டாக்டரம்மா கோபப்படவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறப் பரப்பில் கறுப்பாக இரண்டு பைகள், நடுவே மெல்லிய ஒரு தடுப்பு. ஒவ்வொன்றிலும் அவரைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு துணுக்கு, அதன் நடுவில் அணைந்து அணைந்து எரிகிற ஒரு புள்ளி. இரண்டும் ஒரே தாளத்தில் இல்லை. ஒன்று சற்று முந்தியது, ஒன்று பின்னால் ஓடியது. அருள்பிரகாஷ் சுவரைவிட்டு வந்து குனிந்து பார்த்தான், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

எழுந்து உட்கார்ந்த பிறகு, குமட்டலை வைத்துச் சொல்ல முடியுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நாற்றத்தின் தூரம், டைல்ஸ், கேன் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சீட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் காதுகொடுத்துக் கேட்டார்.

"வாந்தியே வராம ரெட்டப் புள்ள பெத்தவங்களும் இருக்காங்க. புள்ள நின்னு போயி பத்து நாளாகியும் வாந்தி எடுத்தவங்களும் இருக்காங்க. அது ஏறும், எறங்கும். அத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

எட்டு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் செய்த சோதனை, இஞ்சித் தண்ணீர் குடித்த வாழை, இரண்டு கிலோ எடை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயின. ஆக்சிலியா தலையாட்டினாள். தப்பான கருவியில் ஏழு நாள் சரியான விடை வந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு ஜீரணிக்க முடியாமல் இருந்தது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பாரப்பட்டி வண்டிக்காக நின்றார்கள். எதிரே ஒரு கடையில் பழைய எண்ணெய் காய்ந்து போண்டா விழுந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியது. ஆக்சிலியா அருள்பிரகாஷின் கையை விட்டுவிட்டுத் தூணோரம் ஓடினாள். அவன் பின்னாலேயே போய் அவள் முதுகைத் தடவினான். கடைக்கும் தூணுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இருபதடி இருக்கும் புள்ள. நல்லாத்தான் இருக்குதுங்க ரெண்டும்."

அவள் நிமிர்ந்து அவனை முறைத்தாள்.

"அது வெறும் வாந்திங்க. போயி தண்ணி வாங்கியாங்க."